வளவு ஆரால வந்தது?

இணையத்தில் ஏதாவது படிவம் நிரப்பும்போது, ‘இந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்தால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். எனக்கு நிரப்பத் தெரியும். நிரப்ப முடியாதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான். நான் முணுமுணுப்பதைக் கேட்டு அடுத்த அறையில் இருந்து மனைவி, ஆரோடு சண்டை, கம்பியூட்டரோடா என்று கேட்பாள். ஆமென்பேன். அதோடு சண்டை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

என் தொழில் கம்பியூட்டருக்குப் படிவம் செய்வது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, பதிலுக்கு எவ்வளவு பெரிய கட்டம் போடுவது என்று நாள் முழுக்க யோசிப்பது. இதை மாமனாருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். அவர் வவுணதீவில் வயல் செய்கிறவர். மருமகன் கட்டம் போடுகிற வேலை பார்க்கிறார் என்று வயல் வட்டைக்குள் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டார். அதைக் கேட்டு ஒருவர் தன் மகளுடைய சாதகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். செவ்வாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாத எனக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இந்த வேலை எனக்குச் சுனாமிக்குப் பிறகு கிடைத்தது. அப்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை, பெற்றோரோடு தன்னாமுனையில் இருந்தேன். வாவிப் பக்கம் என்பதால் கடல் எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஊரெல்லாம் அழுதுகொண்டிருக்க எனக்கு மட்டும் வேலை கிடைத்ததில் ஒரு கூச்சம் இருந்தது. வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று பட்டினத்தில் கந்தோர் திறந்திருந்தது. சனத்தின் விபரங்களை ஏற்றுவதற்குக் கொழும்பில் இருந்து ஒரு மென்பொருள் வந்தது. அதில் இருந்த கேள்விகளைத் தமிழில் மாற்றி, தட்டச்சுப் பிள்ளைகளுக்கு இலகுவாக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. தமிழில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கொழும்பும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

முதல் கிழமையே மூக்குடைந்தது. பிறந்த திகதிக்கு நாள், மாதம், வருடம் என்று தனித்தனிக் கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோன பிறகு சனம் திகதிக்கு எங்கே போவது? சூறாவளி அடித்த வருடம் நான் கைப்பிள்ளை என்பார் ஒருவர். தம்பிக்கு மூத்தவள் நான், தம்பியுடைய வயதைப் பாருங்கள் என்பார் இன்னொருவர். தட்டச்சுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாவம். எல்லோருக்கும் தை மாதம் முதலாம் திகதி என்று அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனார்கள். கிழமை முடிவில் பட்டியலைப் பார்த்தால், ஒரு கிராமமே ஒரே நாளில் பிறந்திருந்தது.

முகவரியும் அப்படித்தான். வீட்டு இலக்கம், வீதியின் பெயர் என்று கேட்டது படிவம். புளிக்கு அங்கால ரெண்டாவது வளவு என்றார்கள் சனம். புளியும் இல்லை, வளவு என்கிற அந்த வீட்டுக் காணியில் வீடும் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். படிவத்தால்தான் போக முடியவில்லை. கட்டாயம் என்று போட்டால் உண்மை வராது, ஏதோ ஒன்றுதான் வரும் என்று அப்போது விளங்கியது. திகதிக்குப் பதிலாக ஏறத்தாழ வயது என்று மாற்றினேன். முகவரிக்கு ஒரு நீளக் கட்டத்தைப் போட்டு, சொன்னதைச் சொன்னபடியே அடிக்கச் சொன்னேன்.

எங்கள் தட்டச்சுப் பிள்ளைகளில் காத்தான்குடியில் இருந்து வந்த முஸ்லிம் பிள்ளை ஒருத்தி. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். அவளுடைய முதுகுக்குப் பின்னால் மேற்குப் பார்த்த ஜன்னல். பின்னேரமானால் வாவித் தண்ணீரில் பட்ட வெயில் திரும்பி வந்து நேரே கம்பியூட்டர் திரையில் அடிக்கும். ஜன்னலுக்கு ஒரு துணி வாங்கித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், ஒருநாள் அந்தப் பாரமான பழைய திரையைத் தானே பக்கவாட்டில் கிறுக்கி வைத்துவிட்டாள். திருப்புவதற்கு எங்கள் பக்கத்தில் கிறுக்குவது என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கிறுக்கியதில், முன்னால் இருந்தவர்களுக்கும் திரை தெரியத் தொடங்கியது.

தெரியத் தொடங்கியதும் கேள்வி வந்தது. என்ன எழுதியிருக்கு புள்ள என்று எழுத்துத் தெரியாதவர்கள் கேட்டார்கள். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். முடிவில் சரிதானே என்று கேட்பாள். அவர்கள் ஓம் என்ற பிறகுதான் பொத்தானை அமத்துவாள். இப்படி வாசித்தால் ஒரு நாளைக்கு எத்தனை படிவம் முடியும் என்று நான் சினந்தேன். பிழையாக நூறு ஏற்றுவதைவிடச் சரியாகப் பத்து ஏற்றுவது நல்லது என்று அவள் என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு என் வாயை அடக்கிவைத்த தெய்வம் எதுவோ, அதற்கு ஒரு தேங்காய் உடைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாங்கேணியில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அக்கா மெலிந்தவர், தலையில் போட்டிருந்த சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கணவர் மீன்பிடிக்கிறவர், உயரம், எதற்கும் சிரிக்கிற முகம். வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது, கூடாரத்தில் இருக்கிறோம், ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்றார்கள். குடும்பத் தலைவர் யார் என்று காத்தான்குடிப் பிள்ளை கேட்டாள். அக்கா நாடியால் கணவரைக் காட்டினார். பெயரை அடித்ததும் மென்பொருள் அதே பெயரைத் தானாகவே கீழே ‘வீட்டு உரிமையாளர்’ என்ற கட்டத்திலும் போட்டுக்கொண்டது. ஒரே பெயரை இரண்டு தரம் அடிக்கத் தேவையில்லை என்று கொழும்பில் யாரோ யோசித்துச் செய்த வசதி அது. எங்களுக்கும் அது பெரிய உதவியாகத்தான் பட்டது.

எல்லாம் முடிந்து பிள்ளை வாசித்துக் காட்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் பெயர் வந்ததும் அக்கா நிமிர்ந்தார்.

“அதென்ன புள்ள? வளவு என்ட அம்மா எனக்குத் தந்தது. இவர் கலியாணம் முடிச்சு வந்து இரிக்கிறவர்.”

கணவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“ஓம் தம்பி, நான் வந்து இரிக்கிறவன்தான். தலைவர் எண்டு சொன்னது ஒரு மரியாதைக்கு.”

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தாய்க்கு வந்த வளவு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஆனால் சபையில் கேட்டால் எந்தப் பெண்ணும் கணவனைத்தான் தலைவர் என்று காட்டுவாள். அது மரியாதை, உரிமை அல்ல. இரண்டும் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மென்பொருளுக்குத் தெரியவில்லை. அதன் பக்கத்திலேயே குந்தியிருந்த எங்களுக்கும் கைக்குக் கிடைத்த வசதியில் அது உறைக்கவில்லை.

நான் கட்டத்தைத் திருத்தப் பார்த்தேன். முடியவில்லை, பூட்டியிருந்தது. கொழும்பில்தான் திறக்கலாம், இப்போதைக்கு இப்படியே போகட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். அக்கா எழும்பவில்லை.

“இவர்ட பேர்ல ஊடு வந்தா, நாளைக்கு என்ட மகளுக்கு நான் எதைக் குடுக்கிற? பேரை மாத்துங்க தம்பி. மாத்துமட்டும் நான் இஞ்சதான் இரிக்கப் போறன்.”

சொன்னபடி இருந்தார். பின்னால் நின்ற சனம் சலசலத்தது. காத்தான்குடிப் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கட ஊரிலும் இதே வழக்கம்தான், வாப்பா வீட்டை எனக்கும் தங்கச்சிக்கும்தான் கட்டினார், இந்தப் படிவம் காத்தான்குடிக்கு வந்தால் உம்மாமார் கந்தோரைப் பிரித்துவிடுவார்கள் என்றாள். நான் அதுவரை ஏற்றிய ஊர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆம்பிளை உயிரோடு இருந்த இடமெல்லாம் வீடு ஆம்பிளை பெயரில் போயிருந்தது. ஒரு பெண்ணிடமும் கேட்காமல் ஊர் ஊராக வளவுகளைக் கைமாற்றி வைத்திருந்தது அந்தச் சின்ன வசதி.

உள்ளே போய்ப் பொறுப்பாளரைக் கூட்டிவந்தேன். கொழும்புத் தமிழர், நல்ல மனிதர், ஆனால் விதி தவறாதவர். ஒரு குடும்பம் இரண்டு பெயரில் இரண்டு வீடு எடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் ஒரு பெயரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். அதில் நியாயமும் இருந்தது. பிறகு கணவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு உங்கள் பெயரில் வீடு வேண்டாமா என்று கேட்டார்.

“நாளைக்கு ரெண்டு பேரும் கோவிச்சா நான் வள்ளத்துலயும் படுப்பன் சேர். அவளும் புள்ளயும் எங்க படுக்கிற?”

பொறுப்பாளர் திரும்பித் தன் அறைக்குப் போனார். போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். கதவு மூடியிருந்தாலும் அவர் குரல் கேட்டது. சாதுவான மனிதர் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெளியே வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டேன், கேள்வியை நீங்களே எழுதுங்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

கேள்வியை எழுதுவது லேசாக இல்லை. ‘வீட்டு உரிமையாளர் யார்?’ என்று தனியாகக் கேட்டுப் பார்த்தோம். பெண்கள் அப்போதும் மரியாதைக்குக் கணவரையே காட்டினார்கள். உரிமை, சொத்து, பாத்தியதை என்று நான் போட்டுப் பார்த்த சொல்லெல்லாம் சனத்தைப் பயப்படுத்தியது. கடைசியில் காத்தான்குடிப் பிள்ளை, ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறீர்கள், வளவு ஆரால வந்தது என்று கேட்டால் முடிந்தது என்றாள். அதையே அப்படியே போட்டேன். ஆண்களும் தயங்காமல், பொஞ்சாதியால வந்தது, மாமி குடுத்தது என்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ படிவம் செய்துவிட்டேன், அதைப்போல ஒரு கேள்வி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய்த் திரும்பவும் கேட்டோம். திட்டு வாங்கினோம், தேத்தண்ணியும் குடித்தோம்.

கையோடு இன்னொன்றையும் அவள் மாற்றவைத்தாள். வீட்டு ஆட்களின் விபரத்தில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ‘உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார்’ என்று இரண்டு தெரிவு இருந்தது. அவளுடைய மாப்பிள்ளை சவுதியில் வேலை செய்தார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது, உயிரோடு இருக்கிறார் என்று போட்டால் ஆளுக்கு வீட்டில் சோறு வைக்கவா போகிறேன் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிட்டு, ‘இப்போது வீட்டில் இருக்கிறாரா? ஓம், இல்லை’ என்று மாற்றினேன். வீட்டுக்கு எத்தனை அறை என்று தீர்மானிக்க அது போதும். அதற்கு மேல் அறிந்து எங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

மாங்கேணி அக்காவுக்கு வீடு எழும்பியது. பால் காய்ச்ச எங்களை எல்லாம் அழைத்தார்கள். சுவரில் பயனாளியின் பெயர் எழுதியிருந்த இடத்துக்குக் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாருங்கள், என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று சிரித்தார். அக்கா குசினிக்குள் இருந்து, பேர் இல்லாட்டி என்ன, சோறு இருக்குத்தானே என்றார். பாரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோசமான வீட்டை அந்த வருடம் நான் வேறெங்கும் காணவில்லை.

பிறகு வடக்கே மாங்கேணிப் பக்கம் சண்டை மூண்டது. சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. எங்கள் கந்தோரையும் மூடினார்கள். நான் வேறு வேலை தேடினேன், கலியாணமும் முடித்தேன். வாவிக்கு மேற்கே வவுணதீவில், மனைவியின் வளவுக்கு, ஒரு பெட்டியோடும் கம்பியூட்டரோடும் போய் இருந்தேன். வாசற்படி ஏறும்போது மாங்கேணிக்காரரின் நினைவு வந்தது. இனி நானும் வந்து இருக்கிறவன்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் அப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

யுத்தம் முழுதாக முடிந்த பிறகு அதே நிறுவனம் திரும்பவும் வந்தது. உடைந்த வீடுகளைத் திருத்திக் கொடுக்கும் திட்டம். பொறுப்பாளர் புதியவர். ஆனால் பழைய படிவத்தையே கொண்டு தொடங்குவோம் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். காத்தான்குடிப் பிள்ளையையும் தேடினேன். மாப்பிள்ளை சவுதியில் இருந்து வந்துவிட்டார், இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். அவள் இல்லாததால் நானும் ஒரு மேசையில் இருந்து ஏற்றினேன். முதல் வேலையாகத் திரையைக் கிறுக்கி வைத்தேன்.

அந்தத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. யாருடைய பெயரில் வீடு இருக்கிறதோ அவர் வந்து ஒப்பம் வைக்க வேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். வேறு திட்டங்களில் கணவர் பெயரில் வீடு கிடைத்த பெண்கள் சிலர் அதைக் கேட்டதும் கொண்டுவந்த கடதாசிகளைத் திரும்பவும் பைக்குள் வைத்தார்கள். கணவர் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சான்றிதழ் எடுப்பது? வெறுங்கையோடு எழும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களுக்காக மேலிடத்துக்கு எழுதினேன், பதில் வரப் பல மாதம் ஆனது.

அப்படி ஒரு நாளில்தான் மாங்கேணி அக்கா வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை, தலை நரைத்திருந்தது. எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார், ஆனால் சாயவில்லை. அந்த விதியை வரிசையில் நின்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நான் வாய் திறக்க முன் அவரே தொடங்கினார்.

“தம்பி, நான் மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டன். அது வேணுமெண்டா சொல்லுங்க, இப்பவே எழும்பிப் போறன்.”

சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றைக்குப் பாதி வழியில் கணவர், வள்ளத்தை இழுத்துக் கட்டிவிட்டு வாறன் என்று திரும்பிப் போனவராம். தேடாத இடமில்லை, பதியாத கந்தோரில்லை. மகள் இப்போது பெரிய பிள்ளை, வீட்டுக் கூரை பாதி இல்லை, மழை வந்தால் இருவரும் ஒரு மூலையில் நிற்கிறோம் என்றார். கூரை வேண்டும், ஆனால் அதற்காக அவரை இறந்தவர் என்று கைநாட்டு வைக்க மாட்டேன் என்று திரும்பவும் சொன்னார். பழைய பதிவைத் தேடி எடுத்தேன்.

“உங்களுக்கு அது தேவையில்ல அக்கா. வளவு உங்கட பேர்லதான் இரிக்கு. உங்கட ஒப்பம் காணும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை போலும். திரையில் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். வளவு ஆரால வந்தது, தாயால். யாருக்கு, இவருக்கு. அப்போதுதான் கதிரையில் சாய்ந்தார். அன்றைக்கு அந்தப் பொறுப்பாளரோடு கதைத்து இதை வாங்கித் தந்தது என் மனுசன்தானே என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஆமென்றேன்.

அடுத்தது வீட்டு ஆட்களின் விபரம். முதல் வரி அக்காவுடையது. இரண்டாவது வரியில் கணவரின் பெயர். அதற்குப் பக்கத்தில் இருந்த கேள்வியை வாசிக்காமல் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாசித்துக் காட்டாமல் எதையும் ஏற்றுவதில்லை என்பது காத்தான்குடிப் பிள்ளை போட்டு வைத்த சட்டம். வாசித்தேன். இப்போது வீட்டில் இருக்கிறாரா?

“இல்ல” என்றார் அக்கா. பிறகு, “அதுக்கு மேல ஏதும் கேக்குதா தம்பி?”

“இல்ல அக்கா. அதுக்கு மேல கேக்காது.”

சவுதியில் இருந்த ஒரு மனிதருக்காக, சோற்றுப் பகிடியோடு செய்த கட்டம் அது. காத்தான்குடிப் பிள்ளைக்கும், அவளுடைய ஜன்னலில் அடித்த வெயிலுக்கும்கூட, நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. இரண்டாவது வரியில் விரலை வைத்து, இதுவா அவருடைய பெயர் என்று கேட்டார். அதுதான் என்றேன். எடுத்த விரலைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

நான் வழக்கப்படி, “எல்லாம் சரிதானே அக்கா?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றார். “அவர்ட பேர் அதிலயே இரிக்கட்டும்.”

பொத்தானை அமத்தினேன்.